முதுகில் அக்கா

மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

உன் தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும், இவரும், கட்டிங் மாஸ்டரும், தையல் கூடத்துப் பெண்கள் எல்லாரும், அந்தப் பழைய ஓவர்லாக் மெஷின் உட்பட, நலமாக இருக்கிறோம். அங்கே நீ நலமாகத்தான் இருப்பாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. உன் மருமகள் நலமாக இருக்கிறாளா என்பதுதான் கவலை. அவளைக் கேட்டதாகச் சொல். உன்னிடம் நேரில் பேசலாம் என்றால் நீ போனை எடுப்பதில்லை. உன் பையனுக்கு அடித்தால், "அம்மா தூங்குறாங்க சித்தி" என்கிறான். விடிந்து வெயில் ஏறிய பிறகு நீ தூங்குகிறாய் என்று சொன்னால் உன் பரம எதிரிகூட நம்பமாட்டான். பக்கத்தில் நின்றுகொண்டு கையை ஆட்டி அவனுக்கு நீ சொல்லிக்கொடுப்பது எனக்கு இங்கே தெரிகிறது. அதனால்தான் கடிதம். கடிதத்தை நீ படிக்காமல் இருக்க மாட்டாய், ஏனென்றால் எங்கே தப்பு இருக்கிறது என்று பார்க்காமல் உனக்கு இருப்புக் கொள்ளாது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன்னைத் திரும்பி வரச் சொல்லி நான் இதை எழுதவில்லை. அந்த எண்ணமே எனக்கு இல்லை. "இழுத்தா நீளுற துணியை நம்பி எவளாவது தொழில் பண்ணுவாளா? ஓடுறவங்களுக்குத் துணி தைக்கிறேங்கிறியே, நீ பஸ்ஸுக்காவது ஓடியிருக்கியா?" என்று எல்லாப் பெண்களும் பார்க்கக் கேட்டுவிட்டு, கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டு, இனிமேல் இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன் என்று பையன் வீட்டுக்குப் போனாயே, அந்தத் துணிதான் இன்றைக்கு நம்மை, இல்லை, என்னைத் தூக்கி நிறுத்தியிருக்கிறது. அந்தச் செய்தியை முறைப்படி தெரிவிப்பதற்குத்தான் இந்தக் கடிதம். வேறு ஒன்றும் இல்லை.

நீ போன பிறகு நடந்ததைச் சொல்கிறேன். மிச்சமிருந்த பள்ளிக்கூடங்களும் சீருடையை வேறு இடத்தில் தைக்கக் கொடுத்துவிட்டன, அது நீ இருந்தாலும் நடந்திருக்கும், அதற்கு என்மேல் பழி போடாதே. நான் சொன்ன மாதிரியே ஓட்டப் பனியன், கால்சட்டை, மேல்சட்டை என்று முதல் தொகுதி தைத்து முடித்தோம். தையல் எப்படி என்று கேட்காதே, நீயே புரட்டிப் பார்த்தாலும் வாயைத் திறக்கமாட்டாய், அப்படி இருந்தது. ஆனால் கடைக்குக் கொண்டுபோனால் கடைக்காரர் துணியைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னாலேயே கழுத்துப் பட்டையைத் திருப்பிப் பார்க்கிறார். அங்கே என்ன இருக்கிறது? நம்முடைய பழைய லேபிள். 'சகோதரிகள் தையலகம், பள்ளிச் சீருடைகளுக்குச் சிறந்தது.' "இதைப் போட்டுக்கிட்டு ஓடணுமா, பரீட்சை எழுதணுமா?" என்று ஒருவர் கேட்டார். இன்னொருவர், "சரக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா இது யாருன்னு தெரியலையேம்மா" என்றார். துணியைப் பார்த்து யார் என்று கேட்கிறார்களே, இது என்ன கூத்து என்று வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு. இவர் உடனே பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, ஓடுகிற சிறுத்தை ஒன்றை வரைந்தார். பால் குடித்துவிட்டுப் படுத்திருக்கிற பூனை மாதிரி இருந்தது. பறக்கிற கழுகு வரைந்தார். அது கோழி. கட்டிங் மாஸ்டர் மரியாதைக்காக, "முட்டை போடுற மாதிரி நல்லா உயிரோட இருக்கு சார்" என்று சொன்னதை இவர் பாராட்டாக எடுத்துக்கொண்டு இரண்டு நாள் சந்தோஷமாக இருந்தார்.

இதற்கு நடுவில்தான் பெரிய இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். விளையாட்டுச் சாமான் விற்கிற கடைகள், ஊர் ஊருக்குக் கிளை, அவர்களுக்குச் சரக்கு எடுக்கிற பர்ச்சேஸ் மேடம். எப்படியோ நம் பனியன் ஒன்று அவர் கைக்குப் போயிருக்கிறது. பார்க்கப் போனேன். உன் வயதுதான் இருக்கும், உன்னைப் போலவே சிரிப்பைப் பெட்டியில் பூட்டிவைத்த முகம். பனியனைப் புரட்டினார், இழுத்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். "தையல்ல குறை இல்ல. ஆனா இதுக்கு முகமும் இல்ல, பேரும் இல்ல, பேச்சும் இல்ல. முகத்தோட வாங்க, பார்க்கலாம். இல்லேன்னா அடுத்த வருஷம்" என்றார். அடுத்த வருஷத்துக்கு நாம் எங்கே போவது? அவர் எடுக்கவில்லை என்றால் கூடத்தைப் பூட்டிச் சாவியைக் கட்டிடச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டு, இத்தனை பெண்களையும் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, நீ சொன்னதுதான் சரி என்று உனக்கு ஒரு தகவல் அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை. கூடத்தைப் பூட்டுவதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன் அக்கா. கடைசியில் சொன்னேனே, அதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அப்படித்தான், கம்பெனிக்குப் பெயரும் சின்னமும் செய்துதர டிசைனர் தம்பி வந்து சேர்ந்தான். காதில் பென்சில், கையில் கம்ப்யூட்டர். வந்து வரைவான் என்று நாங்கள் நாற்காலி போட்டு, விளக்கெல்லாம் சரிசெய்து வைத்தால், அவன் ஒரு கோடும் போடவில்லை. வட்டமாக உட்காரச் சொன்னான். கேள்வி கேட்டான். "உங்க கம்பெனி ஒரு ஆளா இருந்தா, அது எப்படிப்பட்ட ஆள்?" இவர் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "நல்ல உயரம், நடுத்தர வயசு, பார்த்தா மதிப்பு வரும், லேசா வழுக்கை" என்று தன்னையே சொல்லிக்கொண்டிருந்தார். கட்டிங் மாஸ்டர், "புலி" என்றார். புலி ஆள் இல்லை என்றதும், "அப்ப போலீஸ்" என்றார். என்னைப் பார்த்தான். சரியாக அந்த நேரம் பார்த்து உள்ளே ஒரு மெஷினில் நூல் அறுந்தது. டப்பென்று சத்தம் நின்றது. நான் என்னையறியாமல் உன் ஜன்னலோர மேசையைத் திரும்பிப் பார்த்தேன், நீ என்ன சொல்லப்போகிறாயோ என்று. பார்த்தால் உள்ளே தைத்துக்கொண்டிருந்த அத்தனை பெண்களும் அதே பக்கம் திரும்பியிருக்கிறார்கள். மேசையில் யாரும் இல்லை. "எங்க அக்கா" என்று சொல்லிவிட்டேன்.

யோசித்துச் சொல்லவில்லை, அதை முதலில் புரிந்துகொள். வாயில் வந்துவிட்டது. பிறகு சமாளிக்கலாம் என்று பார்த்தால் அவன் விடவில்லை. "அக்கான்னா எப்படி, சொல்லுங்கம்மா." இப்படி ஒருவன் பென்சிலும் கையுமாக உட்கார்ந்து உன்னைப் பற்றிக் கேட்டால் நான் என்ன செய்வேன்? பிறந்ததிலிருந்து அடக்கிவைத்தது. கொட்டித் தீர்த்துவிட்டேன். நான் வைத்த பாத்திரத்தை அரை விரல்கடை தள்ளி வைத்தால்தான் உனக்கு நிம்மதி என்பதை, எனக்குக் காய்ச்சல் என்றால், "ம், படுத்தா போயிடுமா?" என்று கேட்டுக்கொண்டே போர்வை கொண்டுவந்து போடுவதை, கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டே கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போவதை, யாராவது "என்னால முடியாதுக்கா" என்றால் காது கேட்காத மாதிரி அடுத்த துணியை நீட்டுவதை, ஒன்று விடாமல் சொன்னேன். அவன் ஒவ்வொன்றையும் ஒரு சின்னக் கலர் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டே போனான். தையல் பெண்களையும் கூப்பிட்டான். வந்தார்களே பார். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி. சுவரில் இடம் போதாமல் பீரோக் கதவில் ஒட்டி, கதவும் போதாமல் கட்டிங் மாஸ்டர் சட்டையில் ஒட்டினான். கூடம் முழுக்க நீதான். சுவர் முழுவதும் நீ நின்றுகொண்டு எங்களைப் பார்க்கிற மாதிரி இருந்ததால் அன்றைக்கு யாரும் டீ குடிக்கப் போகவில்லை.

கடைசியில் அவன் ஒரு கேள்வி கேட்டான். "சரி, இவ்வளவு திட்டுறாங்க. நல்லா செஞ்சா என்ன சொல்லுவாங்க?" நான் யோசித்துப் பார்த்தேன். நீ என் வேலையை நன்றாக இருக்கிறது என்று ஒரு நாளும் சொன்னதில்லை அக்கா. காலர் வைக்கப் பழகினபோதும் சொன்னதில்லை, இந்தக் கூடத்தைத் திறந்த அன்றைக்கும் சொன்னதில்லை. அப்போது காஜா எடுக்கிற பெண், அதுதான், சத்தமாகச் சிரிக்கிறாள் என்று நீ எப்போதும் முறைப்பாயே, அவள் சொன்னாள்: "துணியைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாங்க. அப்புறம் 'ம்'னுவாங்க. அவ்வளவுதான்." இன்னொருத்தி சொன்னாள்: "அந்த 'ம்' கிடைச்சா அன்னிக்கு எனக்கு வீட்டுக்கு நடந்து போறதே தெரியாது." சத்தக்காரி சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் என்னமோ கண்ணில் நூல்தூசி விழுந்த மாதிரி திரும்பிக்கொண்டேன். டிசைனர் தம்பி பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "கிடைச்சிடுச்சும்மா" என்றான். என்ன கிடைத்தது என்று எங்களுக்கு விளங்கவில்லை.

மறுவாரம் ஒரே ஒரு தாளோடு வந்தான். தாளில் ஒரே ஒரு எழுத்து. ம். அவ்வளவுதான் பெயர், அவ்வளவுதான் சின்னம். இவர் தாளைத் திருப்பிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார். "இத்தனை நாள் உட்கார்ந்து ஒரு எழுத்தா? அதுவும் ஆரம்பப் பள்ளிக்கூடத்துலயே எனக்குத் தெரியும்" என்றார். அவன் தாளைச் சற்றுச் சாய்த்துக் காட்டினான். அப்போதுதான் கண்ணில் பட்டது. இடது கோடு வளைத்த முதுகு, அடிக்கோடு தரையில் ஊன்றிய கால், வலது சுழி மடக்கிய முழங்கால், மேலே புள்ளி தலை. ஓட்டப் பந்தயத்தில் விசில் ஊதுவதற்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருப்பானே, அவன். கட்டிங் மாஸ்டர் மட்டும், "புலி மாதிரியும் இருக்கு" என்றார். "மத்த கம்பெனி எல்லாம் நீ பறக்கலாம், நீ சிங்கம், நீ மின்னல்னு கத்துறாங்க. ஓடிட்டு வர்ற ஆளுக்கு அதெல்லாம் பொய்யினு தெரியும். நாம ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவன் ஓடி முடிச்சு வேர்க்க விறுவிறுக்க வந்து நின்னா, நம்ம துணி 'ம்'னு சொல்லும்" என்றான் தம்பி. இவர் விடவில்லை. "கடையில போய் எப்படிக் கேட்பான், வாயைத் திறக்காமலா?" என்றார். "மூச்சு வாங்கிட்டு நிக்கிறவனால அது ஒண்ணைத்தான் சார் சொல்ல முடியும்" என்றான்.

அதோடு முடியவில்லை. சின்னம் மட்டும் போதாதாம், கம்பெனிக்குக் குரல் வேண்டுமாம். துணியில், அட்டையில், பையில் எங்கே எழுத்து வந்தாலும் ஒரே ஆள் பேசுகிற மாதிரி இருக்கவேண்டுமாம். யார் பேசுகிற மாதிரி என்று நான் கேட்கவில்லை, சுவரைப் பார்த்தாலே தெரிந்தது. சலவைக் குறிப்பு லேபிளில் மற்றவர்கள் குளிர்ந்த நீரில் துவைக்கவும் என்று எழுதுவார்கள். நம்முடையதில், 'வெந்நீரில் போடாதே. சொன்னால் கேள்.' அளவுப் பட்டையில், 'வயிற்றை எக்காமல் அளவெடு.' பனியன் மடித்துவைக்கிற அட்டைப்பெட்டியைத் திறந்தால் உள்ளே, 'பிரித்துப் பார்த்தது போதும், கிளம்பு.' படிக்கிறவர்கள் பயந்துபோய்த் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்று நான் நினைத்தேன். பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், சிரித்து முடித்ததும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டார்கள். நிறமும் உன்னுடையதுதான், உன் கழுத்து டேப்பின் மஞ்சள். அச்சுக்காரர் முதலில் அனுப்பிய மஞ்சளைப் பார்த்து, "இது காமாலை" என்று கட்டிங் மாஸ்டர் திருப்பி அனுப்பினார். அடுத்ததைப் பார்த்து, "இது காமாலை குணமாகி வருது" என்றார். மூன்றாவதுதான் சரியாக வந்தது.

எல்லாம் சுலபமாக நடந்துவிட்டது என்று நினைக்காதே. சின்னத்தைச் சூடாக அழுத்தி ஒட்டுகிற மெஷினில் போட்டு முதல் பனியன்கள் வந்தன, பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போய்ச் சோதனைக்கு ஒரு முறை துவைத்தோம். புள்ளி எல்லாம் கழன்று தண்ணீரில் மிதக்கிறது. பனியன்களில் எல்லாம் தலை இல்லாத முண்டங்கள் ஓடத் தயாராகக் குனிந்திருக்கின்றன. சத்தக்காரிதான், ஒட்டினால்தானே கழலும், தைத்துவிடலாம் என்று நூலில் முடிச்சுப் புள்ளி வைத்துக்காட்டினாள். இனி பனியன் கிழிந்தாலும் தலை போகாது. அந்தத் தொல்லை தீர்ந்தது என்றால் அடுத்தது, நானே போட்டுப்பார்க்கிறேன் என்று இவர் கிளம்பினார். சின்னம் அப்போது முன்பக்கம், வயிற்றுக்குச் சரியாக மேலே. இழுத்தால் நீளுகிற துணி அல்லவா, இவர் வயிறும் சும்மா இல்லை. குனிந்து உட்கார்ந்திருந்த ஓட்டக்காரன் இவர் போட்டதும் காலை நீட்டி மல்லாந்து படுத்துவிட்டான். சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கமுடியாமல் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, "இப்ப எழுந்துட்டானா?" என்று கேட்கிறார். டிசைனர் தம்பி இவரைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவில் கைவைத்தான். "இங்க இழுக்காது. அதோட, அக்கா எங்க நிப்பாங்க?" என்று கேட்டான். "பின்னாலதான்" என்று எல்லாப் பெண்களும் ஒரே குரலில் சொன்னார்கள். அதனால் இப்போது நீ முதுகில் இருக்கிறாய். எல்லாப் பனியனிலும், சரியாக உன் பார்வை விழுகிற இடத்தில்.

பர்ச்சேஸ் மேடத்திடம் காட்டவேண்டிய நாள் வந்தது. பேசவேண்டியவன் டிசைனர் தம்பி, அவனுக்கு அன்றைக்குப் பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டு, காற்றுதான் வருகிறது, குரல் வரவில்லை. நான் பேசவேண்டியதாயிற்று. நமக்கு முன்னால் உள்ளே போன கம்பெனிக்காரர்கள் பாட்டு, வெளிச்சம், மலைமேல் ஓடுகிற ஆட்கள் என்று படம் காட்டிவிட்டு வெளியே வந்தார்கள். உள்ளே நீளமான மேசை, ஒரு பக்கம் மேடம், அவர் ஆட்கள், மூலையில் நின்ற இடத்திலேயே ஓடிப்பார்க்கிற ஓட்ட மெஷின். நான் மனப்பாடம் செய்துகொண்டு போனது, "மதிப்பிற்குரிய" என்கிற முதல் சொல்லோடு நின்றுவிட்டது. நான் முழிப்பதைப் பார்த்து இவர், நிலைமையைச் சமாளிக்கிறாராம், நம் உடுப்பை முழுசாகப் போட்டுக்கொண்டு வந்திருந்தவர், நேரே போய் அந்த மெஷினில் ஏறிப் பொத்தானை அழுத்திவிட்டார். மெதுவாக அழுத்தத் தெரிந்தால்தானே. அது எடுத்த எடுப்பிலேயே ஓட ஆரம்பித்துவிட்டது. இவர் பின்னால் போகிறார், முன்னால் வருகிறார், கைப்பிடியைப் பிடிக்கிறார், நிறுத்துகிற பொத்தான் எது என்று கீழே குனிந்து தேடுகிறார். எனக்கு மேடமும் மறந்துபோய்விட்டார், ஆர்டரும் மறந்துபோய்விட்டது. என் வாயிலிருந்து ஒரு குரல் வந்தது பார். "கீழே என்ன பார்வை? நிமிர்ந்து ஓடுங்க."

சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை. நீ சொல்கிற மாதிரிதான், சாதாரணமாக. இவர் டக்கென்று நிமிர்ந்தார். நிமிர்ந்ததும் கால் தானாக ஒழுங்காக விழ ஆரம்பித்தது. முதுகில் மஞ்சள் எழுத்து ஆடாமல் அசையாமல் எங்களைப் பார்த்துக்கொண்டு ஓடுகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெரிய பெரிய அதிகாரிகள் எல்லாரும் கூன் போட்டுச் சாய்ந்திருந்தவர்கள், அவர்களும் நிமிர்ந்துவிட்டார்கள். மேடம்கூடக் காலைச் சேர்த்து உட்கார்ந்தார். யாரோ போய் மெஷினை நிறுத்தி இவரை இறக்கினார்கள். "இப்ப பேசினது யாரு?" என்றார் மேடம். "எங்க அக்கா" என்றேன். அதற்குப் பிறகு மனப்பாடம் தேவைப்படவில்லை. உன்னைப் பற்றித்தானே, அது எங்கே ஆரம்பித்தாலும் வருகிறது. சுவரில் ஒட்டியதை எல்லாம் சொன்னேன். சலவை லேபிளைப் படித்துக் காட்டினேன். அவர் ஆட்களில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, மேடம் முகத்தைப் பார்த்து அதைப் பாதியில் விழுங்கினார்.

மேடம் நம் மேல்சட்டை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். செருப்பைக் கழற்றிவிட்டு யாரோ ஒருவருடைய ஓட்டக் காலணியை வாங்கி மாட்டிக்கொண்டு அந்த மெஷினில் ஏறினார். அவர் ஆட்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஓடினார் அக்கா. முதலில் மெதுவாக, அப்புறம் நன்றாகவே. தலைமுடி கலைந்து, முகமெல்லாம் வேர்த்து, மூச்சு வாங்கிக்கொண்டு இறங்கி வந்து, நேராக என் எதிரில் நின்று, என் முகத்தையே பார்த்தார். நான் எப்படியிருந்தது என்று கேட்டிருக்கவேண்டும், பிரமாதம் மேடம் என்று கையைத் தட்டியிருக்கவேண்டும், வியாபாரம் செய்ய வந்தவள் அதைத்தானே செய்வாள். எனக்கு அப்படி எதுவும் தோன்றவில்லை. அவரை மேலும் கீழும் ஒரு முறை பார்த்தேன். "ம்" என்றேன்.

ஆயுளில் முதல் தடவையாக நான் அதைச் சொன்னேன் அக்கா. இத்தனை வருஷம் கேட்டுக்கொண்டுதானே இருந்தேன். சொல்லும்போதுதான் தெரிகிறது, அதற்குள் எவ்வளவு இருக்கிறது என்று. மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. சிரித்தாரோ அழுதாரோ, இரண்டுக்கும் நடுவில் என்னவோ செய்தார். "எங்க அம்மாவும் இப்படித்தான். இதைக் கேட்கத்தான் நான் இந்த நாற்காலி வரைக்கும் வந்தேன்" என்றார். பிறகு தன் ஆட்களைப் பார்த்து, "எல்லாக் கிளைக்கும் எடுங்க" என்றார். எல்லாக் கிளைக்கும் அக்கா. இவர் அந்த மூலையில் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே, "என்னாலதான் ஆச்சு" என்றார். அதை இன்றுவரை பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், போகட்டும்.

இப்போது கூடத்தில் மெஷின் ஓய்வதில்லை. பக்கத்து இடத்தையும் எடுத்துவிட்டோம். சத்தக்காரி புள்ளி வைக்கிற பிரிவுக்குத் தலைவி, அவளுக்குக் கீழே தனியாக ஆட்கள். காலையில் தெருவில் போனால் முன்னால் ஓடுகிறவர்கள் முதுகில் எல்லாம் நீதான் போகிறாய். பழைய கடைக்காரர், பரீட்சை எழுதணுமா என்று கேட்டாரே, அவர் தானே வண்டி எடுத்துக்கொண்டு வந்து, தனக்கும் கொஞ்சம் கொடுக்கவேண்டும் என்று என் எதிரில் நின்றார். நான் உட்காரக்கூடச் சொல்லவில்லை, நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாயோ அதைத்தான் செய்தேன். உன் படத்தையோ பெயரையோ நாங்கள் எங்கேயும் போடவில்லை, அதனால் கோபித்துக்கொண்டு பையனிடம் சொல்லி வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வழியில்லை. குணத்தைத்தான் எடுத்துக்கொண்டோம். அதற்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது என்று டிசைனர் தம்பி விசாரித்துச் சொல்லிவிட்டான்.

ஆகவே, எல்லாம் நல்லபடியாக நடந்துகொண்டிருக்கிறது என்பதையும், உன் உதவி எதுவும் தேவைப்படவில்லை என்பதையும், நீ வரவேண்டும் என்று இங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை என்பதையும் இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். உன் மேசையில் புதுச் சரக்கை அடுக்கிவைத்திருக்கிறோம், இடம் வீணாகவில்லை. முழங்கால் வலிக்குத் தைலம் போடுகிறாயா? மருமகளை ரொம்ப விரட்டாதே, பாவம். பையனுக்கு ஒரு பனியன் இத்துடன் அனுப்புகிறேன், தையலைப் பிரித்துப் பார்க்காமல் அவனிடம் கொடு. பெரியவள் உனக்கு என் வணக்கமும், வீட்டிலுள்ள சின்னவர்களுக்கு என் ஆசியும், எல்லாருக்கும் இவருடைய பெருமூச்சும்.

என்றும் உன் சொல்லுக்கு அடங்காத,
தங்கை

பின்குறிப்பு: கம்பெனி கவரில் போகிற எதுவாக இருந்தாலும் டிசைனர் தம்பி பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று அவன் சட்டம் போட்டிருக்கிறான். அதனால் இதையும் அவனிடம் காட்டினேன். உட்கார்ந்து எல்லாப் பக்கமும் படித்தான். "வரவேண்டாம்னு எத்தனை தடவைம்மா எழுதியிருக்கீங்க? அப்படி நினைக்கிறவங்க ஒரு தடவைகூட எழுத மாட்டாங்க" என்றான். காதிலிருந்த பென்சிலை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் குறுக்கே ஒரே கோடாகப் போட்டுவிட்டு, "உள்ளதை எழுதுங்க, அதை அனுப்பலாம்" என்று போய்விட்டான். எழுதிக் கிழித்து எழுதிக் கிழித்து ஒரு பகல் போயிற்று. அவன் கோடு போட்டு அடித்ததை எல்லாம் நீ படித்திருந்தால் மறந்துவிடு. கடிதம் இவ்வளவுதான்:

ஜெயிச்சுட்டேன் அக்கா. பார்க்க நீ இல்ல. வந்துடு.